'கெட்ஸ் அன்ட் டோக்ஸ்' மழையும் எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலமும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஆங்கிலம் படிக்க அனுப்புகிற உம்மாமாரும் வாப்பாமாரும் கடைசி வரை வாசித்தால் நல்லது. இதில் ஆங்கிலம் படிப்பிக்கிற எங்களுடைய பிழையும் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையை நாவலப்பிட்டியில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எல்லா மாவட்டங்களிலும் கூடுதலாக இழந்தது நம்முடைய கண்டி மாவட்டம்தான். பாடசாலை மறுபடி தொடங்கிய பிறகு, தரம் 10 பிள்ளைகளிடம் அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வசனம் எழுதித் தரச் சொன்னோம்.

கொப்பிகளை எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசிப் பிள்ளைகளின் முதல் வசனம் ஒன்றேதான். "இட் வொஸ் ரெய்னிங் கெட்ஸ் அன்ட் டோக்ஸ்."

அவர்கள் மேல் குற்றமில்லை. பெருமழை என்றால் இப்படி எழுத வேண்டும், எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தது நாங்கள். ஆசிரிய கலாசாலையில் எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. மரபுத்தொடர் பட்டியல் ஒன்று, பக்கத்தில் கருத்து, கீழே ஒரு உதாரண வசனம். அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தோம். இந்த முறையும் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு கொப்பியிலும் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் சரி போட்டுக்கொண்டே போனோம்.

ஒரு பிள்ளையின் கொப்பியில் கை நின்றது. அந்தப் பிள்ளையின் வீட்டுப் பின்சுவரை உடைத்துக்கொண்டு மண் வந்தது எங்களுக்குத் தெரியும். குடும்பமே பல நாட்கள் சொந்தக்காரர் வீட்டில் இருந்தது. அந்தப் பிள்ளையும் அதே பூனை நாய் வசனத்தைத்தான் எழுதியிருந்தது. அடுத்து, "வி வேர் வெரி ஸேட்." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மீதி எட்டு வரியும் வெறுமை.

இடைவேளையில் கூப்பிட்டு, "என்ன மகள், இவ்வளவு நடந்திருக்கு, எழுத ஒன்டும் இல்லையா?" என்று கேட்டோம்.

"இங்கிலீஷ்ல அதுக்கு ஈடியம் தெரியாது டீச்சர்" என்றது.

"சரி, தமிழ்ல சொல்லுங்க."

தமிழில் அந்தப் பிள்ளை நிறுத்தாமல் சொன்னது. வீட்டுக்குப் பின்னால் மண் பிட்டியில் ஒரு ஊற்று இருக்கிறதாம். எந்த மழைக்கும் அதில் தெளிந்த தண்ணீர்தான் வருமாம். அன்றைக்கு அஸருக்கு வுழூச் செய்யப் போன வாப்பும்மா, அந்தத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருவதைக் கண்டிருக்கிறார். குசினிக் கதவும் காலையிலிருந்து சரியாகப் பூட்டுப்படவில்லையாம். வாப்பும்மா உள்ளே வந்து, "ஊத்துத் தண்ணி கலங்கி வருது. இனி இங்க இரிக்க ஏலா, எழும்புங்க" என்றாராம். வாப்பாவுக்கு முதலில் மனமில்லை. வாப்பும்மா விடவில்லை. மக்ரிபுக்கு முன்னர் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மண் வந்தது இரவில்.

அல்ஹம்துலில்லாஹ், அந்த வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

நாங்கள் கொப்பியைப் பார்த்தோம். பூனை நாய்க்குச் சரி போட்டிருக்கிறோம். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய வசனத்துக்கு அந்தக் கொப்பியில் இடமே இருக்கவில்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

இனி அந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். ஏனென்றால் அதைப் படிப்பித்த நாங்களே அதைச் சரியாக விசாரித்துப் பார்க்கவில்லை.

இதன் கருத்து லேசானது. மழை மிகப் பலமாகப் பெய்கிறது, அவ்வளவுதான். பூனைக்கும் நாய்க்கும் அங்கே வேலையில்லை. 1650களிலேயே இங்கிலாந்தில் நாயும் பூனையும் மழையாகப் பெய்வது போன்ற பேச்சு அச்சில் வந்துவிட்டது. இன்றைக்கு நாம் எழுதுகிற அதே வடிவத்தில் ஜொனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட ஒரு நூலில் இருக்கிறது. கலிவரின் பயணங்களை எழுதிய அதே ஸ்விஃப்ட்தான். கனவான்களும் சீமாட்டிகளும் கூடியிருந்து பேசுகிற தேய்ந்துபோன பேச்சுகளைக் கேலி செய்வதற்காக அவர் எழுதிய நூல் அது. யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய 290 வருடங்களுக்கு முன்னர், பேச விஷயமில்லாதவர்கள் பேசுகிற பேச்சு என்று கேலிக்கு ஆளான தொடரை, நாங்கள் இன்றைக்கு நல்ல ஆங்கிலத்தின் அடையாளம் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணக் கொடுக்கிறோம்.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. அந்தக் காலத்து வைக்கோல் கூரைகளில் பூனையும் நாயும் படுத்திருக்குமாம், மழை வந்தால் வழுக்கி விழுமாம், அதனால் இந்தப் பெயராம். எங்களில் சிலர் வகுப்பிலும் இதைச் சொல்லியிருக்கிறோம். இது 1999இல் மின்னஞ்சலில் பரவிய ஒரு கட்டுக்கதை. மழை பெய்யும்போது எந்த நாய் கூரை மேல் ஏறிப் படுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு செய்தி வந்தால் விசாரித்து உறுதிப்படுத்துங்கள் என்று குர்ஆனில் படித்த சமூகம் நாம். ஒரு மரபுத்தொடரின் கதைக்கும் அது பொருந்தும்.

உண்மை என்னவென்றால், இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அதே ஸ்விஃப்ட் 1710இல் லண்டன் மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதன் முடிவில், மழை வெள்ளம் தெருக் கான்களை நிறைத்து, செத்த நாய்க்குட்டிகளையும் பூனைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. தொடர் அதற்கு முன்பே இருந்ததால், கவிதையிலிருந்து அது பிறக்கவில்லை. ஆனாலும் அந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. மகாவலி கரையேறிய நாட்களில் என்னென்ன மிதந்து போனது என்று ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது பாவனை. எங்கே எப்படிப் பாவிப்பது என்று சொல்லாமல் கருத்தை மட்டும் கொடுத்தது எங்களுடைய இரண்டாவது பிழை. இது பேச்சு வழக்கு. கூட்டாளியிடம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். அறிக்கையில், முறைப்பாட்டுக் கடிதத்தில், நிவாரண விண்ணப்பத்தில் எழுதக்கூடாது. "ரெய்ன்" என்ற வினையோடு மட்டும்தான் வரும். "டோக்ஸ் அன்ட் கெட்ஸ்" என்று முன்பின்னாக மாற்றிச் சொன்னால் கேட்பவருக்கு உடனே வித்தியாசமாகத் தெரியும். அதோடு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் இதை இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்வதில்லை. வாளியால் ஊற்றுகிறது, கொட்டுகிறது என்கிற மாதிரித்தான் சொல்வார்கள். அவர்களுக்கு இது பழைய பாடப்புத்தகத்தின் வாசனை அடிக்கிற தொடர்.

இன்னொரு விஷயம். லண்டனில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழை ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். நமக்கு மேலே இருக்கிற வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். எட்டு மடங்குக்கும் மேல். அதாவது, மழையோடு பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளைகள், மழையைச் சொல்வதற்கு நம்மை விடக் குறைவாக மழை காண்கிற ஓர் ஊரிலிருந்து சொல் கடன் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

கடன் வாங்குவது பிழையில்லை. ஒவ்வொரு மொழியும் தன் ஊரில் கண்டதை வைத்துத்தான் மழையைச் சொல்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கயிறு கயிறாகப் பெய்கிறது. கிரேக்கர்களுக்குக் கதிரைக் கால்கள் விழுகின்றன. வேல்ஸ் நாட்டில் கிழவிகளும் தடிகளும் விழுகிறார்களாம். நம்முடைய சிங்கள அயலவர்கள் "மோரசூரன வெஸ்ஸ" என்பார்கள். மோரப் பழத்தின் தோலை உரிக்கிற மழை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். தமிழில் பேய் மழை என்கிறோம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது என்கிறோம்.

தமிழ்ப் பழமொழியும்கூட எல்லா ஊருக்கும் பொருந்தாது. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று சொல்வார்கள். அது வடகீழ்ப் பருவ மழை பெய்கிற ஊர்களின் பேச்சு. நமக்கு அடைமழை மே மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் வரை பெய்கிற தென்மேல் பருவ மழை. அப்படியிருந்தும், இம்முறை நம்மை அடித்தது கார்த்திகை மழைதான். கேட்டுப் பழகிய சொல்லை நம்பி இருக்காமல், கண்ணால் கண்டதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். மரபுத்தொடர் ஒரு மொழியில் கடைசியாக வர வேண்டியது. நாங்கள் அதை முதலில் கொடுத்துவிட்டோம். அதனால் பிள்ளைகள், பட்டியலில் இல்லாததை ஆங்கிலத்தில் சொல்ல முடியாது என்று நினைக்கிறார்கள். "அதுக்கு ஈடியம் தெரியாது டீச்சர்" என்ற பதில் அந்தப் பயத்திலிருந்து வந்தது.

அந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதுமல்ல. பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தை "கடுவ" என்பார்கள். சிங்களத்தில் வாள் என்று அர்த்தம். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற ஆயுதம். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து, இலங்கையில் ஆங்கிலம் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். நாற்பது வருடம் கடந்துவிட்டது. சட்டப்படி சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. இணைக்க வேண்டிய மொழியை நம்முடைய பிள்ளைகள் இன்னும் வாளாகத்தான் காண்கிறார்கள். விருந்தாளி வந்தால் "இங்கிலீஷ்ல ஒன்டு சொல்லிக் காட்டுங்க மகன்" என்று நிற்க வைக்கிறோமே, அப்போது பிள்ளை அந்த வாளைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுகிறது. அதைக்கொண்டு யாரோடும் பேசப் பழகுவதில்லை.

மழைக்காலத்தில் பேச வேண்டிய தேவை எவ்வளவு பெரிது என்று பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று மட்டங்களில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். அதற்கு அவர்கள் பார்க்கிற அளவுகளும் இருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதல் மட்டம், 100ஐத் தாண்டினால் இரண்டாவது, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால் மூன்றாவது.

இந்த அளவுகளோடு, நாம் கண்ணால் பார்க்க வேண்டிய அடையாளங்களையும் சொல்கிறார்கள். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு. மரமும் மின்கம்பமும் சாய்வது. கதவு ஜன்னல் இறுகுவது. புதிதாக ஊற்று தோன்றுவது, இருந்த ஊற்று வற்றுவது அல்லது கலங்குவது. அந்த வாப்பும்மா எந்தப் பயிற்சிக்கும் போகாமல் இதில் இரண்டைக் கண்டுபிடித்திருக்கிறார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாது. அந்த இடத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை என்பது ஒருவர் சொல்லி, மற்றவருக்கு விளங்கி, அவர் எழும்பிப் போனால்தான் முழுமையாகும்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கிற ஒரு பிள்ளையிடம், மறுமுனையில் தமிழ் தெரியாத ஒருவர் பேசினால், அந்தப் பிள்ளை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ என்ன சொல்ல வேண்டும்? பூனையும் நாயும் அங்கே உதவாது. எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், என்ன தெரிகிறது, எந்தப் பாதை மூடியிருக்கிறது. நான்கு சிறிய வசனம். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. ஆனால் விஷயம் பிசகக்கூடாது.

ஆகவே அதே வகுப்பில் அடுத்த கிழமை வேலையை மாற்றினோம். அந்தப் பிள்ளையின் அனுமதியோடு, வாப்பும்மா சொன்ன வசனத்தைக் கரும்பலகையில் தமிழில் எழுதினோம். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டோம். சிங்களம் கடைப் பக்கம் வளர்ந்த பையன்களிடமிருந்து உடனே வந்தது. ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "த ஸ்ப்ரிங் வோட்டர் இஸ் ப்ரௌன்." "த டோர் டஸ் நொட் க்ளோஸ்." "வி மஸ்ட் கோ நவ்." எல்லாம் தரம் 6இல் படித்த சொற்கள். அதை வைத்துக்கொண்டு பத்து வசனத்தை அந்தப் பிள்ளை தானே எழுதி முடித்தது. முழுப் புள்ளி போட்டோம். பூனையும் நாயும் அதில் இல்லை.

இதற்கு ஒரு எதிர்ப்பேச்சு வரும் என்று தெரியும். "ஓ.எல். சோதனையில் மரபுத்தொடர் எழுதினால் கட்டுரைக்கு அழகு. நீங்கள் படிப்பிக்காவிட்டால் எங்கள் பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய்விடுவார்கள்." நியாயமான பயம். நாங்கள் மரபுத்தொடரை விட்டுவிடச் சொல்லவில்லை. படத்தில், புத்தகத்தில், வேலைத்தளத்தில் யாராவது சொன்னால் விளங்க வேண்டும். விளங்காமல் பூனையைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. அதனால் கேட்டால் விளங்குவதற்காகப் படிப்பிப்போம். சொல்லிக் காட்டுவதற்காகப் படிப்பிக்க மாட்டோம். விடைத்தாள் திருத்தியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். முப்பது கட்டுரையில் முப்பது தடவை ஒரே மழையைக் கண்ட கண்ணுக்கு, கலங்கிய ஊற்றைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை வந்தால் எப்படி இருக்கும்?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் பிள்ளையிடம் மூன்றே மூன்று வசனம் கேளுங்கள். இன்றைக்கு மழை எப்படிப் பெய்தது, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, வீட்டுக்குப் பின்னால் என்ன தெரிகிறது. தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு இருங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டும்போது, "எத்தனை ஈடியம் படிப்பிப்பீங்க?" என்று கேட்காமல், "பிள்ளை தன்னுடைய கதையைச் சொல்லப் பழகுமா?" என்று கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று. பிள்ளை தானாகக் கண்டு எழுதிய வசனத்துக்குப் புள்ளி போடுவோம். ஒப்புவித்த வசனத்துக்குப் போடுகிற அதே தாராளத்தோடு.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒன்று. மழை எச்சரிக்கை வந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பது நல்ல வழக்கம். அதைத் தமிழோடு நிறுத்தாமல் சிங்களத்திலும் சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரரும் அதே மலைக்குக் கீழேதான் படுக்கிறார். அறிவிப்பை மொழிபெயர்க்கிற வேலையை உயர்தர மாணவர்களிடம் கொடுங்கள். அதைவிட நல்ல மொழிப் பயிற்சி கிடையாது.

மழையைக் கண்டால் நாம் அல்லாஹ்விடம் கேட்பது பயன் தருகிற மழையை. மழை எல்லை மீறியபோது, எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும் என்று கேட்கவும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள். அந்த துஆக்களில் சுற்றி வளைத்த பேச்சு இல்லை. என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று நேராகக் கேட்கிறோம். பிள்ளைகளுக்கும் அந்த நேரான பேச்சையே பழக்குவோம்.

தென்மேல் பருவ மழை ஒவ்வொரு வருடமும் வரும். உங்கள் வீட்டிலோ அயலிலோ, மழை நாட்களில் யாராவது ஒரு அடையாளத்தைக் கண்டு நேரத்துக்கு எச்சரித்திருந்தால், அவர் சொன்ன வசனத்தை அப்படியே, அவருடைய பேச்சிலேயே, கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், வசனம் போதும். அடுத்த தவணைக்கு எங்கள் ஆங்கில வகுப்பின் பாடம் அதுதான், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.